உப்புப் பூக்காத கறுப்பு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மாலை நகராட்சி அரங்கத்தின் மேடையில் தீப்பிடித்தது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை பார்வையாளர்கள் எல்லோரும் உயிரோடு வெளியேறினார்கள்.

கறுப்பு அடிப்பது சுலபம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேடை விளக்கின் கீழே பெயிண்ட் கறுப்பு எப்போதும் பெயிண்டாகத்தான் தெரியும். இந்த நாடகம் ஒரு தேவதைக் கதை. ராஜகுமாரி தூங்கிக்கொண்டே இருக்கிறாள், அவள் விழிக்கும்போது உலகம் முடிந்துபோயிருக்கிறது. மிஞ்சிய ஒரே மனிதன் மணியடித்து அவளை எழுப்புகிறான். அரண்மனையே வேண்டாம், அழிந்த ஊர்தான் வேண்டும் என்றார் இயக்குநர். அரங்க அமைப்பு என் வேலை. நான் போட்டுக் காட்டிய முதல் சுவரைப் பார்த்துவிட்டு, "அடுப்படி மாதிரி இருக்கு சார்" என்றார். தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது சரி.

அதனால் எரிந்துபோன ஒரு கிடங்கிலிருந்து பலகைகளை வாங்கி வந்து சுவர் எழுப்பினேன். கட்டிலைச் சுற்றிக் கிழிந்த சாக்கும் காய்ந்த வைக்கோலும். மேடையில் நிற்கும் எதற்கும் நெருப்பு பிடிக்காத மருந்து அடிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கரைசல் காய்ந்தால் கறுப்பின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். உலகம் அழிந்த மாதிரி இருக்காது, பூசணம் பிடித்த மாதிரி இருக்கும். தீயணைப்பு அதிகாரி ஏதாவது ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பார். நான் ஒரு துண்டுக்கு மட்டும் மருந்தடித்து வைத்திருந்தேன். அது பற்றவில்லை. அவரை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் சோதித்த துண்டு விதிப்படிதான் இருந்தது.

வைக்கோலுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு பழைய விளக்கை வைக்கச் சொன்னேன். அதன் சூட்டில்தான் எரிந்து அடங்கிய ஊரின் அந்தச் செம்மை வரும்.

"அண்ணே, உலகம் அழியறதுக்கு முன்னாடி நம்ம வயரிங் அழிஞ்சிடும்போல" என்றார் லைட்காரர். "கொஞ்சம் தள்ளி வைக்கலாமே?"

"தள்ளி வச்சா டியூப்லைட் மாதிரி இருக்கும்."

"நீங்க சொன்னா சரி."

ராஜகுமாரியாக நடித்தது என் தங்கை மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா அண்ணா, வேற பொண்ணப் பாரு" என்று தங்கை சொல்லத்தான் செய்தாள். நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். பட்டறையில் மரப்பலகை மேல் படுக்கவைத்துப் பழக்கினேன்.

"மாமா, மூக்கு அரிச்சா?"

"அரிக்கட்டும்."

"எறும்பு கடிச்சா?"

"கடிக்கட்டும். மாமா மணி அடிக்கிற வரைக்கும் நீ தூங்கிட்டிருக்க."

"எறும்பு காதுக்குள்ள போனா?"

"அதுவும் தூங்கட்டும்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. ஆனால் கற்றுக்கொண்டாள்.

அன்று திரை விலகியதும் அரங்கம் அமைதியானது. கொஞ்ச நேரத்தில் வைக்கோலின் ஓரம் சிவந்தது, சாக்கின் மேல் புகை ஊர்ந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அரங்க அமைப்புக்கு யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. மேடையில் அந்த மனிதன் அடிப்பதாகக் காட்டும் மணியின் கயிறு, பக்கவாட்டில் நின்ற என் கையில் இருந்தது. மேலே பரணிலிருந்து லைட்காரர், "அண்ணே, மணிய அடிங்க" என்று கத்தினார். கைதட்டல் ஓயட்டும் என்று நின்றேன். பலகைகளின் வெடிப்புக்குள்ளிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் வரைந்த எந்தப் படத்திலும் அது இல்லை.

வாலு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "மாமா, சுடுது" என்று உதட்டை அசைத்தாள். நான் என் உதட்டின் மேல் விரலை வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு சாக்கு முழுவதும் ஒன்றாகப் பற்றியது. கட்டில் பக்கம் யாராலும் போக முடியவில்லை. நான் அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டதாக லைட்காரர் சாட்சி சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். மருந்து அடிக்காததை நான் முதல் நாளே போலீசிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். மற்றதை இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவ ஏன்ணா எந்திரிச்சு ஓடல?" என்று கேட்டாள்.

"பயந்துட்டாம்மா. பயம் வந்தா பிள்ளைங்களுக்குக் கால் வராது" என்றேன்.

அவள் நம்பினாள். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். மறுநாள் மாலை குழந்தையைப் புதைத்தோம்.