கேப்டனின் குரலில் பத்தொன்பது நாட்கள்

நாற்பத்தொன்றாம் எண் விண்வெளிப் போர்க்கப்பலின் கிடங்கு எழுத்தர் மீதான வழக்கில், அதே கப்பலின் சலவைப் பிரிவு ஊழியர் தாமாக முன்வந்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம். சாட்சியின் பெயரும் பணி எண்ணும் தனித்தாளில் எழுதி இணைக்கப்பட்டுள்ளன.

எனக்கு வயது நாற்பத்தேழு. துறைமுக ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் என் தம்பியுடன் வசித்து வருகிறேன். கணவர் இல்லை. பிள்ளைகள் இல்லை. மேற்படி கப்பலில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதிகாரிகளின் உடைகளை இஸ்திரி போடுவது என் பொறுப்பு. கப்பலில் எல்லோரும் என்னை இஸ்திரி அக்கா என்றே கூப்பிடுவார்கள். என் தம்பி அதே கப்பலில் பின்பகுதி இயந்திரப் பிரிவில் குழாய் பொருத்துபவனாக இருந்தான். குற்றம் சாட்டப்பட்டுள்ள கிடங்கு எழுத்தரை மைனா என்று கூப்பிடுவோம். யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசுவார் என்பதால் அந்தப் பெயர். ஒருமுறை கேன்டீனில் அவர் கேப்டனைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தபோது கேப்டனே பின்னால் வந்து நின்றுவிட்டார். அதற்காக மைனாவுக்குப் பத்து நாள் விடுமுறை வெட்டப்பட்டது. இது கப்பலில் அனைவருக்கும் தெரியும்.

சம்பவ நாளன்று நாங்கள் எதிரிகளின் சூரியனுக்கு அருகில் இருந்தோம். அறுபத்திரண்டு கப்பல்களாகப் போயிருந்தோம். முற்பகல் பதினொரு மணி இருக்கும். நான் கேப்டன் அறையை ஒட்டிய இஸ்திரி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கப்பல் ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. இஸ்திரிப் பெட்டி பறந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்தது. அதன் பிறகு விளக்கு போய், திரும்பி வந்தது. முன்பகுதி முழுவதும், அதாவது கட்டுப்பாட்டு அறை, மருத்துவ அறை, முன்பகுதி ஆட்கள் தங்கும் இடம், எல்லாம் போய்விட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தொண்ணூற்று நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். பெரிய காற்றுத் தொட்டிகளும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

அதன் பிறகு மைனா கேப்டனை இரண்டு கைக்கும் அடியில் பிடித்து நடைபாதையில் இழுத்துக்கொண்டு வந்தார். கிடங்குத் தாளில் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் அவரைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். இருவருமாகச் சேர்ந்து கேப்டனை அவர் அறையில் கட்டிலில் படுக்க வைத்தோம். நெஞ்சில் பலத்த காயம். நான் மடித்து வைத்திருந்த விரிப்புகளைக் கிழித்துக் கட்டினேன். நான்கு விரிப்பு கிழித்தேன். கட்டியது கட்டியபடி நனைந்துகொண்டே இருந்தது.

அப்போது கேப்டன் அறைத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். இயந்திரப் பிரிவிலிருந்து இன்ஜினியர் மேடம் பேசினார். அவருக்கு இருபத்தேழு வயது, கப்பலில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உயிரோடு இருந்த அதிகாரி அவர் ஒருவர்தான். மிச்சமிருக்கும் காற்று பதினோரு நாளுக்குத்தான் வரும் என்றும், ஊர் துறைமுகம் பத்தொன்பது நாள் தூரம் என்றும், உயிர்காப்புப் படகுகளில் உள்ள காற்று உருளைகளைக் கழற்றிக் கப்பலோடு இணைத்தால் மட்டும் போய்ச் சேரலாம் என்றும் சொன்னார். ஆனால் ஆட்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பதினோரு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே போய்விட்டார்கள். படகில் நான்கு நாள் காற்றுதான் இருக்கும், நான்கு நாள் தூரத்தில் எந்த ஊரும் இல்லை. அந்தப் பதினோரு பேர் இன்றுவரை வரவில்லை. இரண்டாவது படகுக்கு வரிசை நிற்கிறது, கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் நிற்பார்கள் என்று மேடம் சொன்னார். அந்த வரிசையில் என் தம்பி மூன்றாவது ஆளாக நின்றான். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் அவன்தான் என் நினைவுக்கு வந்தான்.

கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஒலிவாங்கியை அவர் வாயருகே வைத்தாலும் கேட்காது. அதன் பிறகு அவர் மைனாவைப் பார்த்தார். அறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். அங்கே நடந்ததை நான் கேட்டபடியே சொல்கிறேன்.

"உனக்குத்தான் என் குரல் வருமே. பேசு," என்று மூச்சுக் குரலில் சொன்னார் கேப்டன். குனிந்து காதை வைத்தால்தான் கேட்டது.

"சார், அதுக்குத்தான் பத்து நாள் லீவு வெட்டினீங்க."

"வெட்டினேன். இப்ப பேசு."

மைனா பேசிக் காட்டினார். குரல் நடுங்கியது. கேப்டன் தலையை அசைத்து, "நான் எப்போ இப்படிக் கெஞ்சினேன்? அதட்டுடா," என்றார்.

அதன் பிறகு மைனா ஒலிவாங்கியை எடுத்து, "கேப்டன் பேசுறேன். படகுப் பக்கம் நிக்கிறவன் எவனா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல அவனவன் இடத்துக்குப் போகணும். அந்தக் காத்து மொத்தக் கப்பலுக்கும் சேர்ந்தது. தொட்டவன் என்கிட்ட பதில் சொல்லணும்," என்றார். நான் கேப்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசையவில்லை, ஆனால் பேச்சு அவருடையதாகவே இருந்தது. பேசி முடித்ததும் கேப்டன் "ம்" என்றார். ஒரு வேலை சரியாக நடந்தால் அவர் அதைத்தான் சொல்வார். வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

"அடுத்து என்ன சார் சொல்லணும்?" என்று மைனா கேட்டார். பதில் வரவில்லை. சுமார் நாற்பது நிமிடம் கழித்துக் கேப்டன் இறந்தார். இடையில் அவர் எதுவும் பேசவில்லை.

அதன் பிறகு இன்ஜினியர் மேடம் வந்து பார்த்தார். கேப்டன் இறந்தது வெளியே தெரிந்தால் மிச்சமுள்ள ஐந்து படகும் அன்றைக்கே போய்விடும் என்றார். கணக்குப் போட்ட தாள் அவர் கையில் இருந்தது. மைனாவைத் தொடர்ந்து பேசச் சொன்னார். மைனா மறுத்தார். "நான் மூட்டை எண்ணுறவன் மேடம். ஒருதடவை அவரே சொன்னார், பேசினேன். இனிமே பேசினா அது தப்பு," என்றார். அப்போது நான்தான், "தப்புன்னு எனக்கும் தெரியும். என் தம்பி கீழ இருக்கான். பேசு மைனா," என்றேன். அவர் ஒலிவாங்கியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அதன் பிறகு, "சரிக்கா," என்றார். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன்.

கேப்டனின் உடலை அவர் குளியலறையில் சூடேற்றியை நிறுத்திவிட்டு வைத்தோம். அவரைச் சுற்றிய விரிப்பை நான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். காலர் கொஞ்சம் மடங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர் அவர்.

கேப்டன் காயத்தோடு கட்டிலில் இருப்பதாக மேடம் ஆட்களிடம் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து மைனா கேப்டன் அறையை விட்டு வெளியே வரவில்லை. தினமும் காலையில் மேடம் செய்யவேண்டியதைத் தாளில் எழுதி என்னிடம் கொடுப்பார். நான் அதைக் கேப்டனின் சீருடை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோவேன். மைனா அதைப் பார்த்து ஒலிபெருக்கியில் வாசிப்பார். முதல் நாள் கொடுத்த சீருடையைத் திரும்ப எடுத்து வருவேன். மடிப்புக் கலையாமல் வந்தால் சலவைப் பிரிவில் சந்தேகப்படுவார்கள் என்று, நடைபாதையில் நின்று அதை நெஞ்சோடு அணைத்துக் கசக்கிவிட்டு எடுத்துப் போவேன். கேப்டனுக்கு என்று சாப்பாடு வாங்கிப் போவதும் நான்தான். மைனா பாதிதான் சாப்பிடுவார். காயம்பட்ட மனுஷன் தட்டைக் காலி செய்தால் யார் நம்புவார்கள் என்பார். பத்தொன்பது நாளில் அவர் ஆள் பாதியாகிவிட்டார்.

ஐந்து படகின் உருளைகளும் கழற்றி இணைக்கப்பட்டன. ஏழாம் நாள் சூட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். அன்றைக்கு மேடம் எழுதித் தந்ததை வாசித்து முடித்த மைனா, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "ரெண்டு ரெண்டு பேரா ஒரே போர்வைக்குள்ள படுங்க. வெட்கப்படுறவன் விறைச்சுத்தான் போவான்," என்றார். கப்பல் அடிபட்டதிலிருந்து ஆட்கள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். கேப்டன் எப்போதும் எத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்வாரே தவிர பெயர் சொல்லமாட்டார். மைனா தொண்ணூற்று நான்கு பெயரையும் ஒவ்வொன்றாக, என்ன வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்து வாசித்தார். ஆளைக் காணோம் என்று கிடங்கில் தேடக்கூடாது என்பதற்காக, தொண்ணூற்றைந்தாவதாகத் தன் பெயரையும் வாசித்தார். "கிடங்கு எழுத்தர். மூட்டை எண்ணுவதில் தப்பு விடாதவர்," என்றார். ஒலிவாங்கியை அணைத்த பிறகு, கீழே கிடங்கில் யாரோ அழுவது காற்றுக்குழாய் வழியாகக் கேட்டது. "எனக்காகவாக்கா அழுறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 

அன்று சாயங்காலம் என் தம்பி இஸ்திரி அறைக்கு வந்தான்.

"அக்கா, அந்த மனுஷன் எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாரு. இவ்வளவு நல்லவரு இல்ல அவரு."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு," என்றேன்.

"மூடிட்டுத்தான் இருக்கேன். எங்க பிரிவுல எல்லாரும் மூடிட்டுத்தான் இருக்கோம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பத்தொன்பதாம் நாள் பகல் இரண்டு மணிக்குத் துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தது. போர் முடிந்து ஆறு நாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் அறிந்தோம். போன அறுபத்திரண்டில் திரும்பி வந்தது எங்கள் கப்பல் ஒன்றுதான். கரை கட்டும் முன்பாக, அதாவது கப்பலைத் துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் முன்பாக, மைனா ஒலிவாங்கியை எடுத்தார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. மேடம் எழுதித் தரவுமில்லை. தன் சொந்தக் குரலில், "கிடங்கு எழுத்தர் பேசுறேன். நான் சாகலை. கேப்டன் முதல் நாளே இறந்துட்டார். இத்தனை நாளும் பேசினது நான்தான். எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றார்.  அதன் பிறகு அறைத் தொலைபேசி அடித்தது. பின்பகுதி இயந்திரப் பிரிவிலிருந்து ஒருவர், "சரிங்க சார், கரை கட்டுறதுக்கு என்ன உத்தரவு?" என்று கேட்டார். மைனா தொலைபேசியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உத்தரவை மேடம்தான் சொன்னார். கரையில் இறங்கியதும் மைனாவை அழைத்துப் போனார்கள்.

என் தம்பி நேற்று என்னிடம், எல்லா அறிவிப்புக்கும் கேப்டனே சாகும்முன் அனுமதி கொடுத்ததாகச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டான். "செத்தவரு எழுந்து வந்து மறுக்கப் போறாரா? மைனா வீட்டுக்குப் போகட்டும்கா," என்றான். ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்படிச் சொல்லமாட்டேன். கேப்டன் சொன்னது ஒரே ஓர் அறிவிப்புக்கு. அதற்கு நான் சாட்சி. மற்றவை எல்லாம் கேப்டன் சொல்லாமல் மைனா செய்தவை. தண்டனை உண்டு என்று தெரிந்து, பயந்துகொண்டே, பாதி வயிற்றோடு செய்தவை. அதைக் கேப்டன் பேரில் எழுதிவிட்டால் மைனா ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடும். அது பொய்.

விசாரணை அதிகாரி அவர்கள், கேப்டன் குரலில் உத்தரவு கொடுப்பது குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும். தெரிந்துதான் உதவினேன். அவரைப் பேசச் சொன்னவள் நான் என்பதால் என் பெயரையும் வழக்கில் சேர்த்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்று காலை என் தம்பி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினான். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கதவுக் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிகிறது. மைனாவுக்கு நான் நன்றி சொல்வதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வாக்குமூலத்தில் அதற்கு இடமில்லை என்று அதிகாரி அவர்கள் சொன்னார். பிறகு எழுதிக்கொண்டார்.

இதில் கண்ட அனைத்தும் நான் நேரில் பார்த்ததும் கேட்டதும் செய்ததும் ஆகும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முன்பக்கத் தலைப்பில், கப்பலில் "உயிர் தப்பியவர்கள் முந்நூற்று ஆறு பேர்" என்று அச்சிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, "காப்பாற்றப்பட்டவர்கள் முந்நூற்று ஆறு பேர்" என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடத்தில் நானும் அதிகாரி அவர்களும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறோம். மற்றவை சரியாக உள்ளன.

(ஒப்பம்)
சலவைப் பிரிவு, நாற்பத்தொன்றாம் எண் கப்பல்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி