ஏட்டையாவும் ஊதிய பேப்பர்

பதிவேட்டில் என் பெயர் வேறு; வார்டில் எல்லோருக்கும் நான் சிரிப்பக்கா. வயது நாற்பத்தெட்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் கடைசி வீடு. அவசர வார்டில் பத்தொன்பது வருடமாக ஆயா வேலை பார்க்கிறேன்.

சம்பவத்தன்று காலை ஏழரை மணிக்கு மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரை வாந்தியும் மயக்கமுமாகக் கொண்டுவந்தார்கள். கூட அவர் மனைவி. பின்னாலேயே ஏட்டையா. மருமகள்தான் எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று மாமியார் ஸ்டேஷனில் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு, சொப்பனத்தில் இருப்பவள் போல மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு டாக்டரம்மா, தானியத்துக்கு வைக்கிற பூச்சி மாத்திரையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு என்னிடம் பேப்பர் கேட்டார். வெள்ளி உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பேப்பர் அது. அந்த மாத்திரையிலிருந்து அழுகின மீன் நாற்றத்தோடு கிளம்புகிற விஷக்காற்று பட்டால் கறுத்துவிடும். போன மாதம் நான் அதைத் துணி மாதிரி ஜன்னலில் வெயிலுக்குக் காட்டி, யார் மூச்சும் படாமலே அத்தனையும் கறுத்துப்போய், லேப்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து இருட்டறையில்தான் காய்கிறது. கதவைத் திறந்தால் கொடியில் வெள்ளை வெள்ளையாக, தண்ணீருக்கடியில் ஆடுகிற மாதிரி ஆடும். அதிலிருந்து யாருக்கு வைத்தாலும் எனக்கும் ஒன்று வைத்துக்கொள்வேன். என்னுடையது வெளுப்பாகவே இருந்தால்தான் அது நல்ல பேப்பர்.

அதன் பிறகு நோயாளியின் முகமூடிக்குள் ஒன்றும் என் முகமூடிக்குள் ஒன்றும் வைத்தோம். ஏட்டையா முறைத்தார். "என்ன ஏட்டையா பாக்குறீங்க, நீங்களும் ஊதுங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுபோகும்" என்றேன். "உன் வேலையைப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணைச் சிரிக்க வைக்கலாமென்று, "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, நீயும் ஊது தாயி" என்று அவளுக்கும் ஒன்று கட்டினேன். கால் மணி நேரம் நாலு பேரும் மூச்சு விட்டோம். வார்டே தூங்குகிற மாதிரி இருந்தது.

அதன் பிறகு எடுத்துப் பார்த்தோம். நோயாளியுடையது கறுப்பு. என்னுடையதும் ஏட்டையாவுடையதும் வெள்ளை. அந்தப் பெண்ணுடையது, பொழுது சாய்கிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சாம்பலாகியிருந்தது. எனக்குக் கேலி எல்லாம் வற்றிவிட்டது.

டாக்டரம்மா அவளையும் கட்டிலில் படுக்க வைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். "தானியக் குடோன். நடுவுல சுவர் ஒண்ணுதான், அதுலயும் விரிசல். முந்தாநாள் மாத்திரை வச்சு மூடினாங்க" என்றாள். உடனே எழுந்து, "பாப்பா ராத்திரி அத்தையோட எதிர்வீட்டு மாடியில படுத்துச்சு. இந்நேரம் உள்ள தூக்கிட்டுப் போயிருப்பாங்களே" என்று கத்தினாள். ஏட்டையா தொப்பியை மறந்துவிட்டு ஜீப்புக்கு ஓடினார்.

அரை மணி கழித்து மாமியார் இடுப்பில் குழந்தையோடு வந்தார். வீடெல்லாம் அழுகின மீன் நாற்றம், மருமகள் வீடு வைத்திருக்கிற லட்சணம் என்று திட்டிக்கொண்டு, உள்ளே போகாமல் தெருவிலேயே உட்கார்ந்திருந்தாராம். குழந்தையின் மூக்கருகே பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேப்பர் வெள்ளையாகவே இருந்தது.

"அது என்னம்மா சொல்லுது?" என்றார் மாமியார்.

"பேத்தி நல்லா இருக்கான்னு சொல்லுது. அதோ, உங்க மருமக பேப்பரையும் பாருங்க. விஷம் வச்சவ தானே மோந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாளா பெரியம்மா?"

அவர் குழந்தையை மருமகள் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தார்.

அதன் பிறகு பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்தும் அதே விஷம்தான் என்று எழுதி வந்தது. நோயாளி இப்போது எழுந்து உட்காருகிறார்.

இந்த வாக்குமூலத்தில் கேலியை விட்டுவிட்டு எழுதலாம் என்று ஏட்டையா சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பேப்பர் வைக்க யாரும் சொல்லவில்லை, கேலிக்குத்தான் வைத்தேன். அதனால் அதையும் எழுதச் சொன்னேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர இதில் ஒன்றும் சேர்க்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி என் கையெழுத்தைப் போடுகிறேன்.

(ஒப்பம்) சிரிப்பக்கா என்கிற அவசர வார்டு ஆயா