நீலத் தொட்டி

தலையில் ஒரு முடிகூட இல்லாத ஆளிடம் முடி வெட்டிக்கொள்ள ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கத்தரியைவிட என் வாய்தான் காரணம் என்பாள் என் மனைவி. பிரிந்த பிறகும் அதையேதான் சொன்னாள், ஆனால் சிரிக்காமல்.

அவள் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவள். விவாகரத்தில் மகள் என்னோடு இருக்க வேண்டும், சனிக்கிழமைகளில் அம்மாவிடம் போய்வர வேண்டும் என்று தீர்ப்பானது. நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஈரத்தலையோடு வருவாள் என் மகள். ராத்திரி தூங்கும்வரை நீச்சல்குளம்தான் பேச்சு. என் கடையைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம். வெட்டி விழுந்த முடியைப் பற்றி என்னதான் சொல்வது?

பிறகு சட்டம் மாறியது. குழந்தை இரண்டு பேரிடமும் சமமாக வளரலாம் என்றார்கள். என் மனைவி உடனே மனுப் போட்டாள். பாதி வாரம் கேட்டாள்.

அப்போதும் நான் கோபப்படவில்லை. மகளை நாற்காலியில் உட்காரவைத்து முன்முடியைச் சரிசெய்துகொண்டே கேட்டேன். "இப்பல்லாம் தண்ணின்னா பயமில்லையாடா குட்டி? சின்னப்புள்ளயில அம்மா உன்னத் தொட்டியில அமுக்கினப்ப அப்படி அழுதியே."

"எப்பப்பா?"

"மறந்துட்டியா? நல்லதாப் போச்சு, விடு."

அவ்வளவுதான் சொன்னேன். மற்றதை அவளே கேட்டு வாங்கினாள். எந்தத் தொட்டி என்றாள், நீலம் என்றேன். ஏன் அமுக்கினார்கள் என்றாள், கோபம் வந்தால் அம்மா அப்படித்தான் என்றேன். ஒருநாள், அம்மா அன்றைக்குப் பச்சைச் சட்டை போட்டிருந்தாள் என்று அவளாகவே சொன்னாள். அந்தச் சட்டை என் கைவேலை இல்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போதெல்லாம் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குள் தனியாக அழைத்துப் பேசுகிறார். பெற்றவர்கள் உள்ளே வரக்கூடாது. குழந்தை பயமில்லாமல் மனதிலிருப்பதைச் சொல்ல வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. மனதில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் முன்பே பார்த்துக்கொண்டேன். என் மகள் பொய் சொல்லவில்லை, தனக்கு நினைவிருந்ததைத்தான் சொன்னாள்.

எங்கள் வீட்டில் தொட்டியே இருந்ததில்லை என்றாள் என் மனைவி. உண்மைதான், வாளிதான் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தானே சொல்வார்கள்? பாதி வாரம் கிடைக்கவில்லை, அவளுக்கு இருந்த சனிக்கிழமையும் போயிற்று. விஷயம் வெளியே தெரிந்ததும் நீச்சல்குளத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் அவளையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஊரார் தலையெல்லாம் அலசிவிடுகிற எனக்கு இன்று மகளின் தலையை அலச முடியவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைத் தூக்கினாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். மூச்சு முட்டுகிறது என்கிறாள், உதடு நிஜமாகவே நீலம் பாரிக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். தலை சிக்குப் பிடித்து, போன மாதம் ஒட்ட வெட்டிவிட்டேன். இப்போது வீட்டில் இரண்டு பேருக்கும் சீப்பு தேவையில்லை.

போன வாரம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். "குட்டி, அந்தத் தொட்டி பொய். அப்பா சும்மா சொன்னது. அம்மா உன்ன ஒண்ணுமே செய்யல."

அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"அம்மா உங்களையும் மிரட்டிட்டாங்களாப்பா?"

அதனால்தான் மறுபடி இந்த நீதிமன்றத்துக்கே, உங்களிடம் வந்தேன். இதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். பிள்ளையை அவள் அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள், தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கொண்டுபோய் விடும்போது நானும் கூட வருகிறேன். பயந்துவிடுவாள். பாவம், அவள் நம்புகிற ஆள் நான் ஒருத்தன்தானே இருக்கிறேன்.