பொன்முடிப் பாறையில் வளர்ந்த காசித்தும்பை

பொன்முடி போகிற முதல் பஸ்ஸில் ஜன்னலோர இடம் சுலபமாகக் கிடைக்கும். அன்றும் கிடைத்தது.

நான் திருவனந்தபுரத்தில் தாவரவியல் பேராசிரியர். காட்டுக் காசித்தும்பைகளில் எந்த இனம் எதிலிருந்து கிளைத்தது என்று பரிணாம மரம் வரைந்தவன் நான்தான். அதற்கே என் ஆயுள் தேய்ந்தது. பொன்முடியில் ஒரேயொரு ஈரப்பாறையில் வளரும் காசித்தும்பை அதில் தனிக் கிளை. எதனோடும் கலக்காத இனம் என்று அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜெஸி என் ஆராய்ச்சி மாணவி. பாறசாலைப் பெண், கெட்டிக்காரி. செடிகள் கொஞ்சம்தான் இருக்கின்றன, பிடுங்காதே, இலையில் ஒரு துண்டு கிள்ளினால் போதும் என்று அவளிடம் சொன்னவன் நான். அவளும் ஒரு செடியைக்கூடப் பாடம் செய்து வைக்காமல் இலைத்துண்டுகளோடு திரும்பினாள். மரபணுவைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

“சாரே, இது மரத்துல நிக்காது. பிரிஞ்சு போன ரெண்டு கொம்பு திரும்பக் கூடித்தான் இந்தச் செடி உண்டாயிருக்கு. மரமாட்டு இல்ல, வலையாட்டுதான் வரையணும்.”

சரிபார்த்தேன். பிழையில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒன்று இப்படியென்றால் மற்ற கிளைகளையும் கிளறுவார்கள். என் மரம் விறகாகிவிடும்.

அந்த முதல் பஸ்ஸில் ஏறியது அதனால்தான். பாறையில் மண் மெல்லியது, வேர்கள் சிரமம் தரவில்லை. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. திரும்பும் வழியில் கல்லாற்றில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கை கழுவி, ஒரு டீ குடித்தேன். அந்தச் செடி உலகில் வேறெங்கும் இல்லை என்று முதலில் எழுதியவனும் நான்தான். ஜெஸி கொண்டுவந்ததில் என் அலமாரியில் இருந்த மிச்ச இலைத்துண்டுகளை வீட்டில் எரித்தேன்.

அவள் ஆய்வேட்டைப் படித்த தேர்வுக்குழு கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு இனங்களின் இலைகள் கலந்துவிடவில்லை என்பதற்கு என்ன சான்று, செடி எங்கே? அவள் எங்கள் எல்லோரையும் பாறைக்கு அழைத்துப் போனாள். அங்கே எதுவும் இல்லை. மண்டியிட்டு மண்ணைத் துழாவினாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆய்வேடு மோசடி என்று முடிவானது. வழிகாட்டி என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது.

இப்போது ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையில் பில் போடுகிறாள். போன வாரம் போன் செய்தாள்.

“மழை அடிச்சுக் கொண்டு போயிருக்கும், இல்லியா சாரே? நான் கள்ளம் சொல்லேல்லன்னு சாருக்காவது தெரியுமில்லியா?”

தெரியும் என்றேன். மழைதான் என்றேன். பிடுங்கியது நான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைத் தகப்பனாக நினைக்கிற பெண். அவள் மனத்தை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.