பென்சில் குறி

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“பயமா இருக்குக்கா. எங்க ஃபேக்டரி கழிவு வாய்க்கால்லதான் போகுதாம். நாளைக்கு அதிகாரிங்க வராங்க.”

“உனக்கென்னடி?”

“நானும் டைரக்டருக்கா. போர்டுல ஒரு பொம்பளை வேணுமாம், சட்டம்.”

“கல்யாணப் பத்திரிகையில பேரு போடுற மாதிரியாக்கும்!”

“மீட்டிங்குக்கே கூப்பிட்டதில்ல. எங்க வீட்டுக்காரரு பென்சில்ல குறி போட்டுத் தருவாரு, கையெழுத்துப் போடுவேன். அதுல ஒரு பேப்பர்ல, கழிவைச் சுத்தம் பண்ணித்தான் விடுறோம்னு எழுதியிருக்காம். கீழ என் கையெழுத்து. அந்தத் தண்ணிதான்க்கா நம்ம அம்மா வயலுக்குப் பாயுது.”



நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறொரு கம்பெனியில் செயலாளராக இருந்தபோது, பெண் டைரக்டர்களுக்கு அப்படிக் குறி போட்டுக் கொடுத்தவன் நான். ஒருவர் மட்டும் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு அவர் பெயரை எடுத்துவிட்டோம்.