பாலத்து மேடு

டவுனுக்குச் சைக்கிள் வாங்கப் போகும் அப்பாவும் காலேஜில் படிக்கும் மகளும். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு.

“பின்னாடி பெரிய பல்சக்கரமாப் போடச் சொல்றேன். ரயில்வே பாலத்து மேடு லேசா ஏறும்.”

“மேடு லேசா ஏற வேண்டாம்ப்பா. சின்னதே போடுங்க. சமதரையில வேகமாப் போகணும்.”

நான் பேப்பரை மடித்தேன்.

“என்ன அவசரம்? யாராவது தொரத்துறாங்களா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“யாரும்மா அது?”

“தெரியலை. தினமும் நான் நடந்து போறப்ப சைக்கிள்ல பின்னாடியே வர்றான். சொன்னா காலேஜை நிறுத்திடுவீங்க.”

காவிரிப் பாலம் தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“சின்னச் சக்கரம்னா மேட்டுல இறங்கித் தள்ளணுமே. அங்க என்ன பண்ணுவே?”

“உங்க ஆபீஸ் மேட்டுக்குக் கீழதானே? அங்க மட்டும் வந்து நில்லுங்கப்பா.”