கிழக்குச் சுற்றில் யாரும் இல்லை

உதிர்ந்த இலைகளில் பாதையில் கிடப்பதை மட்டும்தான் கூட்ட வேண்டும், மரத்தடியில் கிடப்பதைத் தொடக் கூடாது. புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு இதை மூன்று முறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு நேராக மரத்தடிக்குத்தான் போவார்கள். என்னை யாரும் அப்படித் திருத்த வேண்டி வந்ததில்லை. ஆறு வருடமாக அந்தச் சோலையில் செவ்வாயும் வெள்ளியும் வேலை செய்கிறேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வருடம் தனியாகத்தான் போனேன். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. என் கணவர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். மறதி வந்ததும் மகள் பெயர் போயிற்று, என் பெயர் போயிற்று, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதும் போயிற்று. மணி மட்டும் போகவில்லை. நடத்துநர் இரண்டு முறை மணி அடிக்காமல் வண்டியை ஓரங்குலம்கூட நகர்த்தாத மனிதர் அவர்.

சோலையை ஐந்து மணிக்கு மூடுவோம். கைமணியை அடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பாதையைச் சுற்றி வந்து, எல்லோரும் வெளியேறிவிட்டார்களா என்று பார்த்து, வாசலில் இருக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். கிழக்குச் சுற்று என்னுடையது. அதன் கடைசியில் பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு குளம், அதன் கரையில் ஒரு பெஞ்சு. வந்ததும் அவரை அங்கே உட்கார வைப்பேன். "வண்டி இன்னும் கிளம்பல, உக்காருங்க" என்றால் போதும், நான் வேலையை முடித்துவிட்டு வரும்வரை அசையமாட்டார். மணியை இரண்டு முறை அடித்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். தலைமைத் தோட்டக்காரர்கூடக் கேலி செய்வார்: "வர்றவங்க எல்லாரும் உங்க வீட்டுக்காரர் மாதிரி இருந்துட்டா எனக்குப் பூட்டுற வேலை சுலபம்மா."

வீட்டில் அப்படி இல்லை. நான் கண்ணை மூடினால் அவர் கதவைத் திறப்பார். தடுத்தால் கை ஓங்குவார். என் இடது முழங்கையில் இருப்பது அவர் கடித்த இடம். இரண்டு வருடத்தில் நான் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. தூங்காதவளுக்கு இரக்கம் எங்கிருந்து வரும், சொல்லுங்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் இடம் கேட்டு மூன்று முறை எழுதினேன். போன மாதம் பதில் வந்தது: இன்னும் ஒரு வருடம் ஆகும். மகளுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, அப்பாவுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை, நல்ல குளிர். அவருக்கு மெல்லிய சட்டைதான் போட்டிருந்தேன். கம்பளி மேற்சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தேன். அது கதவுக்குப் பின்னால் காய்ந்தே தொங்கியதை உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்களாம். சரி, மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள். வேண்டாம், அடித்துவிடுங்கள். மறக்கவில்லை.

மழை என்பதால் பார்வையாளர்கள் யாரும் இல்லை. மூடும் நேரத்தில் மணியை எடுத்துக்கொண்டு போனேன். பெரணிகள் தொடங்கும் இடம் வந்ததும் மணியின் நாக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டேன். குளத்தைத் தாண்டித் திரும்பி, பெஞ்சுக்குச் சத்தம் எட்டாத பெரிய மரங்கள் வந்த பிறகே விட்டேன். அதற்கப்புறம் வழக்கம்போல அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பதிவேட்டில், 'கிழக்குச் சுற்றில் யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தோட்டக்காரர், "ஐயா எங்கம்மா?" என்றார். "இன்னைக்கு அழைச்சிட்டு வரல, மழையாச்சே" என்றேன். ஆறு வருடத்தில் நான் எழுதியதை யாரும் சரிபார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். கண் விழித்தபோது மணி ஒன்பது. பதினான்கு மணி நேரம் தூங்கியிருந்தேன், ஐயா. அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

குளிரில் இறந்துபோனதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நான் அவரைக் கட்டிப்போடவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. அந்த வாசல் வெளியிலிருந்து வருபவர்களுக்குத்தான் பூட்டு, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். எழுந்து வந்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? பெஞ்சிலிருந்து எழுந்து போன காலடித் தடம் ஒன்றுகூட இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். அவராக உட்கார்ந்திருந்தார்.

நான் பெஞ்சைக் கடந்தபோது என் கையிலிருந்த மணியை அவர் பார்த்தார். உதடெல்லாம் நடுங்கியது. "மணி அடிச்சாச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க. உக்காருங்க" என்றேன்.

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அதை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள்.